கோத்தகிரியில் முதல் குளிர்காலம்: அம்மாவோடும் குழந்தையோடும் வருகிறோம், என்ன ஏற்பாடு செய்யணும்?

தெற்குக்கரை

வணக்கம். மாற்றல் கிடைத்து டிசம்பர் தொடக்கத்தில் கோத்தகிரிக்குக் குடி வருகிறோம். சொந்த ஊர் தூத்துக்குடி. ஸ்வெட்டர் என்பதையே நாங்கள் கடையில்தான் பார்த்திருக்கிறோம். கூட மனைவி, மூன்று வயது மகள், அம்மா. அம்மாவுக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார்கள்.

வாடகைக்கு இரண்டு வீடு பார்த்திருக்கிறேன். ஒன்று கீழே பள்ளத்தில், ஓடை ஓரமாக, கேரட் தோட்டத்தை ஒட்டி. வாடகை குறைவு, இடமும் அழகு. இன்னொன்று ரோட்டுக்கு மேலே மேட்டில், வாடகை கொஞ்சம் கூடுதல். பள்ளத்து வீட்டின் சொந்தக்காரர், "கரி அடுப்பு தர்றேன், ராத்திரி ரூமுக்குள்ள வச்சுக்குங்க, குளிரே தெரியாது" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

இன்னொன்று. பழக்கமில்லாத ஊர், இருட்டும் சீக்கிரம் கட்டிவிடும், ரெண்டு மூணு மாசம் நாலு சுவருக்குள்ளேயே கிடக்க வேண்டி வருமோ என்று மனைவிக்குப் பயமாக இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தேயிலைமேடு

மேட்டு வீட்டை எடுங்க தம்பி. கூடுதல் வாடகை போனா போகட்டும்.

காரணம் சொல்றேன். வானம் வெறிச்சுனு இருந்து, காத்தும் அசையாம இருக்கிற ராத்திரியிலதான் உறைபனி விழும். பகல்ல வாங்கின சூட்டை மண்ணு அப்படியே மேல விட்டுடும். மேகம் இருந்தா அந்தச் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும், இல்லேன்னா எல்லாம் போயிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காத்து கனமானது. தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல போய்த் தேங்கிடும். ஊட்டியில தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம்னு ஒவ்வொரு வருசமும் அதே இடங்கள் வெளுக்கிறது இதனாலதான். எல்லாம் குழிவான இடம்.

எங்க தோட்டம் கட்டபெட்டு பக்கம். போன தை மாசம் ஒரு காலையில போய்ப் பார்த்தேன். ஓடைக்குப் பக்கத்துல இருந்த அஞ்சாறு வரிசைத் தேயிலை, கொழுந்து முழுக்க செம்புக் கலர்ல கருகிக் கிடக்குது. அதே சரிவுல, ரோட்டோரமா இருந்த வரிசையெல்லாம் பச்சைப் பசேல்னு நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பனை உயரம்கூட இருக்காது. நீங்க சொல்ற பள்ளத்து வீடு அந்தக் கருகின வரிசைக்குச் சமம்.

ஊட்டி அளவுக்கு இங்க குளிர் இருக்காது. ஊட்டி 2,240 மீட்டர், நாங்க 2,000-க்கும் கீழ. ஆனா குளிர்காலம்னு ஒண்ணா நினைக்காதீங்க, இங்க அது ரெண்டு. கார்த்திகை முடியிற வரைக்கும் ஈரக் குளிர். வடகிழக்குப் பருவமழை ஊட்டி, கூடலூரை விட கோத்தகிரி, குன்னூர் பக்கந்தான் அதிகம் கொட்டும். நாங்க மலைக்குக் கிழக்கு முகத்துல இருக்கோம். மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உக்காரும். அது முடிஞ்சு மார்கழி பாதியில வானம் துடைச்ச மாதிரி ஆனதும் வறண்ட குளிர். பகல்ல வெயில் சுள்ளுனு அடிக்கும், சாயங்காலம் சூரியன் மறைஞ்ச உடனே சடார்னு இறங்கும். வர்ற முதல் மாசம் உங்களுக்கு முதல் வகைதான்.

இரவுப்பணி

நான் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். உங்கள் பதிவில் கரி அடுப்பு என்று பார்த்ததும் உடனே எழுதத் தோன்றியது.

அண்ணா, தயவுசெய்து அந்த அடுப்பை வாங்காதீர்கள். கொடுத்தாலும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். கரி முழுசாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கக் கலக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. கண் எரிந்தால் எழுந்து கதவைத் திறப்போம், இதில் கண்ணும் எரியாது. புகை அடங்கி கரி செக்கச்செவேல் என்று கனன்று நிற்கும்போது "இப்ப புகை இல்லையே" என்று உள்ளே எடுத்து வருவார்கள். ஆபத்தே அப்போதுதான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படி உறக்கத்திலேயே போனவர்கள் உண்டு. பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள், குளிர் பழகாதவர்கள், கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு படுத்தவர்கள்.

உங்கள் அம்மாவுக்கு வீசிங் வேறு. குழந்தைக்கு மூச்சு வேகம் அதிகம் என்பதால் நம்மைவிட முன்னதாகப் பாதிக்கும்.

கரண்டில் ஓடும் ஆயில் ஹீட்டர் ஒன்று வாங்குங்கள். அதில் எதுவும் எரிவதில்லை. ஆனால் அது 1,500, 2,000 வாட் இழுக்கும். பழைய வீடுகளில் வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள், அதன் மேல் துணி காயப்போடாதீர்கள். படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கம்பளிக்குள் வைத்தாலே போதும்.

பழையஹட்டி

அம்மிணி சொல்றதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கணும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. படுகர் ஹட்டியில், அதாவது எங்கள் சிற்றூரில், பிறந்து வளர்ந்தவன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் கணப்பு இருந்திருக்கிறது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் அவரை உரிப்போம், கதை பேசுவோம், பிள்ளைகள் அங்கேயே சுருண்டு தூங்கிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. புதுசாக வருகிறவர்களைப் பயமுறுத்தினால் நெருப்பையே கண்டு ஓடுவார்கள். நெருப்பு இல்லாமல் மலையில் என்ன குளிர்காலம்?

இரவுப்பணி

ஐயா, நீங்கள் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மேலே ஓடு, ஓட்டுக்கு நடுவே இடுக்கு. விறகு எரிந்து புகை அந்த இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். கதவுக்குக் கீழேயும் காற்று வரும். இப்போது கட்டுகிற வீட்டில் மேலே கான்கிரீட், ஜன்னலுக்கு அலுமினியச் சட்டத்தில் ரப்பர் வைத்த கண்ணாடி. காற்று போக வழியே இல்லை. நெருப்பு அதே நெருப்புதான் ஐயா. வீடுதான் மாறிவிட்டது.

லைன்வீடு

அக்கா சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாங்கள் தாயகம் திரும்பிய குடும்பம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாத்தா பாட்டி வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு இருந்தது. கேஸ் அடுப்பு வந்ததும் சாரல் அடிக்குது, குளிர் இறங்குது என்று ஆளாளுக்கு அந்தக் கூண்டைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அதன் பிறகும் வெளியே விறகு எரித்து, தணலை மட்டும் இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து படுக்கிற அறையில் வைக்கிற பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. கதவைத் தட்டித் திறந்து வெளியே தூக்கி வந்து, 108 வந்து, பிழைத்துக்கொண்டார். அன்றைக்குப் பிறகு எங்கள் லைனில் சட்டி வாசலோடு நின்றுவிட்டது.

வாசலில் நெருப்பு போடுவது மட்டும் நிற்கவே இல்லை. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் கவாத்து செய்து வெட்டிய தேயிலைக் குச்சி நாலு வைத்து மூட்டினால் லைன் முழுக்க அங்கேதான் இருக்கும்.

பழையஹட்டி

புகைக்கூண்டை அடைத்தது, ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டது, இதை நான் சேர்த்து யோசித்ததில்லை. எங்கள் வீட்டிலும் பையன் மாடி எடுத்துத் தளம் போட்டுவிட்டான். அப்படியானால் கணப்பு வாசலோடு இருக்கட்டும் தம்பி. அந்த வாசலுக்கு நீங்களும் வந்து உட்காருங்கள்.

கொண்டைஊசி

சாமான் ஏத்திக்கிட்டு வர்ற விசயத்துக்கு வர்றேன். நான் மேட்டுப்பாளையம் கோத்தகிரி லைன்ல சரக்கு வண்டி ஓட்றவன். 33 கிலோமீட்டர்தான், ஆனா டிசம்பர்ல அதை நேரம் வச்சுத்தான் பார்க்கணும், தூரம் வச்சுப் பார்க்கக் கூடாது. காலையில ஒம்பது, பத்துக்கு மேட்டுப்பாளையத்துல கிளம்புற மாதிரி லாரிக்காரங்ககிட்ட சொல்லிடுங்க. மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கினா குஞ்சப்பனைக்கு மேல முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டு மட்டுந்தான் தெரியும். அப்ப ஹெட்லைட்டை டிம்லயே வைக்கணும். பிரைட் போட்டா வெளிச்சம் மேகத்துல பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பும். ஏறி வர்ற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும், அது மலை ரோட்டு முறை. இறங்கும்போது ரெண்டாவது கியர், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிடும்.

வெளியூர் நம்பர் வண்டின்னா இ-பாஸ் எடுத்துடுங்க. 2024 மே மாசம் கோர்ட் உத்தரவுல வந்தது. டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம்.

பெருமழை எச்சரிக்கை சொன்னா அன்னைக்குக் கிளம்பவே கிளம்பாதீங்க. 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சுது. மாவட்டம் முழுக்க நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. ரோடு எத்தனை இடத்துல சரிஞ்சதுன்னு எண்ணவே முடியல. எங்க ஊர்ல ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி ஊர்க்காரங்க மம்முட்டியும் கடப்பாரையும் எடுத்துட்டு இறங்கிட்டோம். பால் வண்டி போற அளவுக்கு ஒரு ஓரம் திறந்தது அவங்க கையாலதான். அதனாலதான் சொல்றேன், பக்கத்து வீட்டுக்காரங்க போன் நம்பரை வந்த முதல் நாளே வாங்கி வச்சுக்குங்க.

அடுப்படி

சமையலுக்கு நாலு வார்த்தை. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கமே கொதித்துவிடும். பருப்பு வேகாது, குக்கர் இல்லாமல் ஆகாது. இட்லி மாவு முந்தின மத்தியானமே ஆட்டி, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வையுங்கள், அப்போதுதான் மறுநாள் காலைக்குப் பொங்கும். தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வையுங்கள். குழந்தைக்குக் கன்னமும் உதடும் வெடிக்கும், தினமும் தடவுங்கள். துணி காயாத வாரங்களில் ஈரத்துணியை அம்மா படுக்கும் அறையில் கொடி கட்டிப் போடாதீர்கள், சுவரில் பூஞ்சை பிடித்தால் வீசிங் கூடும். வெயில் வந்த நாளில் மெத்தை, கம்பளி எல்லாவற்றையும் வெளியே போட்டுவிடுங்கள். ஊரே அன்று அதைத்தான் செய்யும்.

வாரக்கடைசி

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். நான் கோவை. உறைபனியைப் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. கோத்தகிரி பக்கம் எந்தத் தோட்டத்தில் நல்லா விழும், எந்தத் தேதியில் வந்தால் உறுதியாகப் பார்க்கலாம்?

தேயிலைமேடு

தேதி யாராலயும் சொல்ல முடியாதுங்க. கடல்ல ஒரு காற்றழுத்தம் வந்து மேகம் போட்டுச்சுன்னா பதினஞ்சு நாள் தள்ளிப் போயிடும். டிசம்பர் கடைசியிலேருந்து பிப்ரவரி பாதி வரைக்கும், முந்தின நாள் சாயங்காலம் வானம் சுத்தமா இருந்து காத்து நின்னுதுன்னா மறுநாள் விடிகாலை வாய்ப்பு உண்டு. தலைகுந்தா பக்கம் ரோட்டோரப் புல்வெளியில பார்க்கலாம். வெயில் ஏறினதும் அரை மணி நேரத்துல கரைஞ்சிடும்.

தோட்டத்துக்குள்ள மட்டும் இறங்காதீங்க. இதைக் கோபமா சொல்லல. அந்த வெள்ளை எங்களுக்கு என்னன்னு தெரியணும். இலைக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு உள்ளேயே கிழிச்சிடும். அதுமேல வெயில் சுருக்குனு பட்டா மத்தியானத்துக்குள்ள கருகிடும். கருகின கொழுந்தை ஃபாக்டரியில எடுக்க மாட்டாங்க. புதுத் துளிர் வர வாரக்கணக்கு ஆகும், மோசமா அடிச்சிருந்தா மேல் கவாத்தே பண்ணணும். நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை இருந்தாத்தான் ஒரு கிலோ தூள். சிறு விவசாயிக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர்தான். அதுல நாலு வரிசை போனா பொங்கலுக்குத் துணி எடுக்கிற காசு போச்சு.

அதனால கார்த்திகையிலேயே இளஞ்செடியை எல்லாம் பெரணித் தழையும் காய்ஞ்ச புல்லும் போட்டு மூடிடுவோம். ஊட்டி தாவரவியல் பூங்காவுல கோத்தகிரி மிலார்ங்கிற செடியை வச்சு அலங்காரச் செடிகளுக்குக் கூடாரம் மாதிரி கட்டியிருப்பாங்களே, அதே வேலை. கேரட், உருளை போட்டவங்க விடியறதுக்கு முன்னாடியே போய் ஸ்பிரிங்ளரைத் திறந்து விட்டுப் பனியைக் கரைச்சிடுவாங்க. அந்தக் குளிர்ல குழாயைத் தொடுற கையை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் தோட்டத்துல மோட்டார் மக்கர் பண்ணினா பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் ஹோஸை இந்தப் பக்கம் திருப்பி விடுவார். காலையில அஞ்சு மணிக்கு அந்தப் பள்ளம் பூரா டார்ச் லைட்டா இருக்கும்.

நல்லதும் ஒண்ணு இருக்கு. இந்தக் குளிர்ல கொழுந்து மெதுவா வளரும், அதனால வாசனை கூடும். குளிர்காலத்துல பறிக்கிற இலையில போடுற ஃப்ராஸ்ட் டீக்குத் தனி மவுசு இருக்கு. ஆனா அந்த விலை, இலையை உருட்டிச் செய்யிற நல்ல ஆர்தடாக்ஸ் தூள் போடுற எஸ்டேட்டுக்குப் போகுது, எங்க பச்சை இலை விலையில அது தெரியறதில்ல. இந்த மலையோட பேர்ல விக்கிற வாசனையில இலை போட்டவனுக்கும் பங்கு வரணும்னு நான் கேக்கிறதை நிறுத்தவே மாட்டேன்.

வாரக்கடைசி

நன்றி அண்ணா. இப்படி யாரும் சொன்னதில்லை. தலைகுந்தாவோடு நிறுத்திக்கொள்கிறேன். திரும்பும்போது உங்கள் பக்கம் தூள் வாங்க வேண்டும் என்றால் எங்கே?

தேயிலைமேடு

இண்ட்கோ கடையில வாங்குங்க. எங்க மாதிரி சிறு விவசாயிங்க கூட்டுறவு ஃபாக்டரிங்களோட தூள் அது.

பழையஹட்டி

தம்பியின் வீட்டுக்கார அம்மாவுக்கு இருக்கிற பயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன் மகளே.

நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிற காலம் இங்கே ஆடி மாசத்துக் காற்று மழை. மார்கழி, தை அப்படியில்லை. தோட்டத்தில் இலை குறைவு, வேலை குறைவு, ஆகவே திருவிழாவெல்லாம் இந்தக் குளிரில்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹெத்தையம்மன் திருவிழா, ஹெத்தை ஹப்பா, டிசம்பர் ஜனவரியில் வரும். விரதம் இருந்து, வெள்ளைச் சீலையும் தலைப்பாகையும் கட்டி, ஊர் ஊராக வெறுங்காலில், கோத்தகிரி பக்கத்தில் கோயில் இருக்கிற பேரகணிக்கு நடப்போம். தார் ரோடு விடிகாலையில் பனிக்கட்டி போலச் சுடும், சின்னப் பையன்கள்கூட முகம் சுளிக்க மாட்டார்கள். மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. கோத்தர்கள் தங்கள் ஊர்களில் அதே காலத்தில் கம்பட்டராயர் விழா எடுப்பார்கள். நடுவில் நெருப்பு, சுற்றிலும் கொள் என்கிற ஊதுகுழலும் கொம்பும் முழங்க ராத்திரியெல்லாம் ஆட்டம். முத்தநாடு மந்து என்கிற தங்கள் ஊரில் தோடர்கள் மொற்பர்த் திருவிழாவில் கும்பிட்டுவிட்டு இளவட்டக்கல் தூக்குவார்கள்.

ஹெத்தை ஹப்பாவுக்கு வீட்டில் துப்பதிட்டு என்கிற பலகாரம் சுடுவோம், உதக்க என்கிற அவரைக் குழம்பு வைப்போம். வாடகைக்கு வந்தவர் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, தட்டு உங்கள் வீட்டுக்கும் வரும்.

லைன்வீடு

டிசம்பரில் எங்கள் பக்கம் கேரல் பாட்டுக்காரர்கள் ராத்திரி லைன் லைனாக வருவார்கள். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு என்று பார்க்காமல் எல்லா வாசலிலும் நின்று பாடுவார்கள். நாங்கள் கடுங்காப்பி கொடுப்போம். அவர்கள் போய் நாலு மணி நேரத்தில் மார்கழி பஜனைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அக்காவுக்குத் தூங்கத்தான் நேரம் கிடைக்காது.

இரவுப்பணி

ராத்திரி வெளியே போவதைப் பற்றி ஒன்று. கோத்தகிரியில் கரடி உண்டு. கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கவே கதவை உடைத்து உள்ளே போகும். காட்டெருமை தெருவிலேயே நிற்கும். குப்பையையும் மிச்சச் சாப்பாட்டையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். இருட்டிய பின் டார்ச் இல்லாமல், குழந்தையோடு தனியாகத் தோட்டத்துப் பாதையில் வராதீர்கள். நாலு பேரோடு பேசிக்கொண்டே வந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

அம்மாவுக்கு, கிளம்பும் முன் அவர்கள் டாக்டரிடம் காட்டி, ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று கேளுங்கள். இன்ஹேலர் இரண்டு கூடுதலாக எடுத்து வாருங்கள். காலை வெயில் ஏறிய பின்பே நடைக்கு அனுப்புங்கள், மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொள்ளட்டும். வாசல் நெருப்பில் புகை அடிக்காத பக்கம் உட்கார வையுங்கள்.

தெற்குக்கரை

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் மனைவிக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மேட்டு வீட்டுக்கே முன்பணம் அனுப்பிவிட்டேன். பள்ளத்து வீட்டுக்காரரிடம் கரி அடுப்பு விஷயத்தையும் எடுத்துச் சொன்னேன், அடுத்து வருகிறவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வீட்டில் வயரிங் பார்க்க ஆள் சொல்லியாயிற்று.

மனைவி ஒன்று கேட்கச் சொன்னாள். ஹெத்தை ஹப்பாவுக்கு நாங்களும் பேரகணி வரலாமா? வந்தால் எப்படி வரணும்?

பழையஹட்டி

தாராளமாக வாருங்கள். வெள்ளை உடுத்தி வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், கட்டாயம் இல்லை. எந்த இடம் வரைக்கும் போகலாம், எங்கே செருப்பைக் கழற்றணும் என்று அங்கே நிற்கிற எங்கள் பையன்கள் சொல்வார்கள், அப்படியே நடந்தால் போதும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, குழந்தையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு அதில் ஏறாதீர்கள். எங்கள் ஹட்டியிலிருந்து வயதானவர்களுக்காக ஜீப் போகும். அதில் உங்கள் மூன்று பேருக்கும் இடம் சொல்லி வைக்கிறேன். நீங்கள் எங்களோடு நடந்து வாருங்கள் தம்பி.